காரணம் என்ற கட்டம்

சங்ககிரி, எடப்பாடி ரோட்டில்
முப்பத்தேழு லாரிக்கு ஒரே ஆபீஸ்.
பாதுகாப்புக்குப் பொறுப்பு நான்.
சம்பளப் பட்டியலில் கணக்குப்பிள்ளை.

இன்சூரன்ஸ்காரர் கேட்டாரென்று
முதலாளி வாங்கிப் போட்ட நீள நோட்டு:
தேதி, வண்டி எண், இடம், சேதம், காரணம்.
ஐந்தாவது கட்டம் மட்டும் குறுகல்.
அதற்குள் அடங்குவதை
நாலு வருஷமாய் எழுதினேன்:
ஓட்டுநர் கவனக்குறைவு.
கை வலிக்கிறதென்று போன ஆடியில்
ரப்பர் ஸ்டாம்பே செய்து வாங்கினேன்.

தார்ப்பாய் கட்ட மேலேறி
மழை ஈரத்தில் வழுக்கி
இடுப்பெலும்பு விண்டுபோன
கிளீனர் மாதேசுக்கும் அதே ஸ்டாம்ப்தான்.
அவன் ஓட்டுநரே இல்லை.

எலுமிச்சம்பழத்துக்கு இங்கே கணக்குக் கிடையாது,
வாரம் ஒரு கூடை வந்துவிடும்.
சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கிற மரக்கட்டைக்கு
மூன்று கையெழுத்து, இரண்டு மாசம்.
அதுவரைக்கும் ரோட்டோரக் கல்.

தையில் கண் பரிசோதனை முகாம்.
அர்த்தநாரி அண்ணன்
வேண்டுமென்றே வரிசையின் கடைசியில் நின்று
முன்னால் போனவர்கள் வாசித்ததைக்
கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிவிட்டார்.
ப, ட, ம, ர, ய.
கடகடவென்று ஒப்பித்தார்.
நல்ல பார்வை என்று டாக்டர் கையெழுத்து,
கீழே என் கையெழுத்து.
"கண்ணாடி போட்டா வண்டி குடுக்க மாட்டாங்க அம்மிணி"
என்றார் பிறகு, டீ குடிக்கையில்.
நான் சிரித்ததாகத்தான் நினைவு.

மாசியில் அவர் தாவணகெரேயில்
மக்காச்சோளம் ஏற்றினார்.
நாமக்கல் தீவன மில்லில்
காலை ஆறுக்குள் இறக்கினால்தான் முழு வாடகை.
மத்தியானம் ஏற வேண்டிய லோடு
நாலு மணிக்கு ஏறியது.
ஆறு மணியை யாரும் நகர்த்தவில்லை.

தொப்பூர் இறக்கம்.
வளைவொன்றில் வண்டி இடப்பக்கம் ஒதுங்கி
தடுப்புச் சுவரைத் தேய்த்துக்கொண்டே
எண்பதடி போய் நின்றது.
ஆளுக்கு ஒன்றுமில்லை.
சோளம் ரோடெல்லாம்.
விடியும்போது மைனாக்கள் வந்து
பொறுக்கிக்கொண்டிருந்தனவாம்.

நோட்டைத் திறந்து
ஸ்டாம்பை மையில் ஒற்றியிருந்தேன்.
அண்ணன் வந்தார்.
கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு
ஜன்னல் பக்கம் பார்த்தார்.

இரவு 2.52. உள்வந்த அழைப்பு.
இரண்டு நிமிஷம், பத்து வினாடி.
பெயர்: ஆபீஸ் அம்மிணி.

"எங்கண்ணா வந்துட்டிருக்கீங்க?
மில்லுல கேட்டுட்டே இருக்காங்க."
"எறக்கத்துல இருக்கேன் அம்மிணி."
"சரிண்ணா, பாத்து வாங்க"
என்று சொல்லிவிட்டும் நான் வைக்கவில்லை.
போன நடையின்
டோல் ரசீது ஒன்று குறைகிறதே என்று கேட்டேன்.
நாற்பத்தைந்து ரூபாய்.

ஸ்டாம்பில் மை காய்ந்தது.
ஐந்தாவது கட்டத்தில்
என் பெயரின் முதலெழுத்துத்தான் கொண்டது.
மீதி ஓரத்து வெள்ளைக்குப் போனது,
அங்கிருந்து அட்டையின் உட்பக்கத்துக்கு:
நாலு மணி, ஆறு மணி, தையில் நான் சிரித்தது,
நாற்பத்தைந்து ரூபாய்.

முதலாளி நின்றபடியே வாசித்தார்.
"இதக் கொண்டுபோயி இன்சூரன்ஸ்காரங்கிட்டக் காட்டீராத."
வாசல் வரை போனவர் திரும்பி,
"கண்ணாடி என்ன வெலையாகும்?" என்றார்.

இப்போது ராத்திரி பதினொன்று முதல் ஐந்து வரை
ஓடுகிற வண்டிக்கு ஆபீசிலிருந்து போன் போகாது.
போகாது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.
முதலாளி இரண்டு தடவை மீறினார்,
இரண்டையும் நோட்டில் ஏற்றினேன்.

நேற்று ராத்திரி மில் மேனேஜர்.
"லாரி எங்கம்மா?"
"ஓமலூர்கிட்ட நிக்குதுங்க."
"ரிப்பேரா?"
"இல்லீங்க. தூங்குது."

ஒரு கெட்ட வார்த்தை வந்தது.
அதற்கு நோட்டில் கட்டமில்லை.